முதற்பலனும் முன்வரியும்

1

இந்த ஊரில் காசோலை தபாலில் வரும். மின்கட்டண பில், பீட்சா கடை விளம்பரம், காணாமல் போன யாரோ ஒருவருடைய பூனையின் படம் இவற்றோடு கலந்து, வாசலில் கம்பத்தின் மேல் நிற்கும் தகரப் பெட்டிக்குள் கிடக்கும். போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் கிடந்தது. என் கணவர் சாமுவேல் சொந்தமாகத் தொழில் தொடங்கிய பிறகு சம்பாதித்த முதல் காசோலை. அவர் உறையைப் பிரித்துப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்துக்கு அடியில் அதைச் செருகிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன்.

தாம்பரத்தில் எங்களைத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இவர் வாழ்க்கையில் இரண்டு முறை சொந்தத் தொழில் தொடங்கியிருக்கிறார். முதல் முறை எண்பதுகளின் நடுவில், ராஜகீழ்ப்பாக்கத்தில். அப்போது வந்த முதல் காசோலையை முழுசாகச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். அதற்கு உண்டான வருமான வரியைக் கட்ட, நாங்கள் மனை வாங்க வைத்திருந்த பணம் போனது. இரண்டாம் முறை இப்போது, மெல்பர்னில். இந்த முறை மனை இல்லை, கடனில் வாங்கிய வீடே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேறு வந்துகொண்டிருந்தது.

2

முதற்பலன் என்றால் என்னவென்று இந்துச் சிநேகிதிகள் கேட்பார்கள். கிறிஸ்தவர்களான எங்கள் வழக்கம் அது. பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போனால் முதல் மாதச் சம்பளத்தை ஒரு கவரில் போட்டுக் கோயிலில் படைத்துவிடுவது. அறுவடையின் முதல் கதிர் ஆண்டவருக்கு என்று வேதத்தில் இருப்பதன் மாதச் சம்பள வடிவம். நானும் கொடுத்திருக்கிறேன். ஆசிரியையாகச் சேர்ந்த முதல் மாதம், பள்ளி அலுவலகத்தில் வாங்கிய கவரைப் பிரிக்காமலே கொண்டுபோய்ப் போட்டேன். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. பதினோரு மாதச் சம்பளம் பின்னால் வரிசையில் நிற்கிறது. வரியையும் பள்ளிக்கூடமே பிடித்துக்கொண்டுதான் கொடுக்கிறது. நமக்கு வரி என்பது சம்பளத் தாளில் ஓர் எண், அவ்வளவுதான்.

சொந்தத் தொழில்காரனுக்கு மாதம் கிடையாது. அவனுக்கு வருவது ஒரு காசோலை, பிறகு ஒரு நீண்ட மௌனம். அந்த ஒரு காசோலையில் வீட்டு வாடகையும் இருக்கிறது, அடுத்த ஆறு மாத அரிசியும் இருக்கிறது, சர்க்காரின் பங்கும் இருக்கிறது. அதில் எது முதல் கதிர், எது முழு வயல் என்று வேதத்தில் தேடினால் கிடைக்காது. சாமுவேல் தேடியும் பார்க்கவில்லை.

3

அவர் டிராஃப்ட்ஸ்மேன். பல்லாவரம் பக்கம் ஒரு கம்பெனியில் பலகைமேல் குனிந்து பதினைந்து வருடம் கோடு போட்டவர். எண்பதுகளின் நடுவில் ஓர் ஆகஸ்டில் வேலையை விட்டுவிட்டு, ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி ரோட்டு ஓரமாக ஒரு சைக்கிள் கடைக்கு மேல் அறை பிடித்தார். வீட்டு பிளான் வரைந்து கொடுப்பதுதான் தொழில். நேரம் சரியான நேரம். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நிலமெல்லாம் கல் நட்டு மனையாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் நான்கைந்து மாதத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வரவில்லை. குடும்பத்தை என் சம்பளம் இழுத்தது. பால்காரருக்கும் மளிகைக்கும் அப்போது சிறுமியாக இருந்த எங்கள் மகள் ஷாலினியின் பள்ளிக் கட்டணத்துக்கும் நான்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இழுக்க முடிந்தது, இழுத்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில் கோதண்டம் அண்ணன் மாடி ஏறி வந்தார். பரம்பரையாக அங்கே பயிர் வைத்த குடும்பம். இருந்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்க வேண்டும், அதற்கு முழு லேஅவுட்டும் வரைய வேண்டும், மனை வாங்குகிறவர்களுக்கு வீட்டு பிளானும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தால் விற்பது சுலபம் என்றார். பெரிய வேலை. கூலி என் எட்டு மாதச் சம்பளத்தைத் தொட்டது. இரவும் பகலுமாக வரைந்து ஒரே மாதத்தில் முடித்துக் கொடுத்தார். பணம் கொடுக்கிற அன்று நானும் அங்கே இருந்தேன். துணிப்பையில் நோட்டுக் கட்டுகளோடு வந்திருந்தார் அண்ணன்.

“செக்கா குடுங்கண்ணே,” என்றார் இவர்.

“இன்னா சார் நீ? பேங்க்ல போட்டா இன்கம்டாக்ஸ்காரனுக்கு நீயே வூட்டு வழி காட்டுற மாதிரி. பணமா வாங்கிக்கோ. ஒரு பேஜாரும் இல்ல.”

“இல்லண்ணே. நாளைக்கு யாராவது கேட்டா என்னால மறைக்க முடியாது.”

“யாரு கேக்கப் போறா? நான் இத்தினி வருசமா பயிர் வெச்சிகினு கீறேன், என்னை ஒருத்தன் கேட்டானா?”

“உங்களுது விவசாய வருமானம். அதுக்கு வரியே இல்ல.”

“அப்ப நீயும் ஓரமா நாலு கத்திரிச் செடி நட்டு வெச்சிக்கோ,” என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் மறுநாள் காசோலையோடு வந்தார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்க்கில் திருப்பி அனுப்பிவிடப் போகிறார்களே என்ற பயத்தில் இரண்டு தாளைக் கிழித்துவிட்டு மூன்றாவதில் எழுதினாராம்.

கறுப்பில் வாங்கி உண்டியலில் போட்டவர்கள் நாட்டில் ஆயிரம் பேர். வெள்ளையில் வாங்கியவர்களும் இருப்பார்கள், அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். காசோலையாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கி, பேங்க்கில் போட்டு, பிறகு மொத்தத்தையும் காணிக்கைப் பையில் போட்ட ஆள் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

4

இங்கே மெல்பர்னில் வரி அலுவலகத்தோடு என் உறவு தொலைபேசியில் தொடங்கியது. சாமுவேல் இங்கே வந்து சேர்ந்திருந்த கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்து, வரைபலகைகளோடு சேர்த்து இவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். வீட்டுப் பின்னறையில் மேசை போட்டு, வீடுகளை நீட்டிக் கட்டுகிறவர்களுக்கு வரைந்து கொடுக்கத் தொடங்கினார். சரி, விவரம் கேட்டுவைப்போம் என்று நான் கூப்பிட்டேன். “என் கணவர் கம்பெனியை விட்டுவிட்டு இப்போது சும்மா வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறார்,” என்பதை என் தாம்பரத்து ஆங்கிலத்தில் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் மிகுந்த பரிவோடு வேலையில்லாதோர் உதவித்தொகை கொடுக்கும் அலுவலகத்தின் எண்ணைத் தந்தாள். நான் நன்றி சொல்லி எழுதியும் வைத்துக்கொண்டேன். ஷாலினி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தானே கூப்பிட்டு அரை நிமிடத்தில் பேசி முடித்தாள்.

அவள் சொன்ன விவரம் சிரிப்பதாக இல்லை. இங்கே சொந்தத் தொழில் தொடங்கினவருக்கு முதல் வருடம் யாரும் வரி பிடிக்க மாட்டார்கள். ஊரில் போலத் தவணைத் தேதிகள்கூட முதலில் இல்லை. ஆகா, என்ன நல்ல நாடு என்று தோன்றும். வருடம் முடிந்து கணக்குக் கொடுத்த பிறகு ஒரு கடிதம் வரும். அதில் போன வருடத்து வரி இருக்கும். அதோடு கூடவே, நடக்கிற வருடத்திலும் இதே அளவு சம்பாதிப்பீர்கள் என்று அவர்களே முடிவு செய்து, அந்த வரியும் முன்பணமாகச் சேர்ந்திருக்கும். இரட்டைப் பிள்ளை மாதிரி இரண்டும் ஒன்றாக வரும். இனிமேல்தான் சம்பாதிக்கப்போகிற பணத்துக்கு இன்றைக்கே வரி. கோதண்டம் அண்ணன் கேட்டிருந்தால் சர்க்கார் ஏதோ ஜோசியம் பார்க்கிறது என்றிருப்பார்.

ஷாலினிக்கு இப்போது பதினேழு. பள்ளியில் கணக்கியல் படிக்கிறாள். எங்கள் தமிழ் ஆராதனைக்கு வருவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பேக்கரியில் வேலை. அங்கே வாங்கிய முதல் சம்பளத்தை என்ன செய்தாள் என்று அவள் அப்பா கேட்கவில்லை. நான் கேட்டேன். ஷூ வாங்கினாளாம். நல்ல ஷூதான்.

5

மறுபடியும் தாம்பரம். கோதண்டம் அண்ணனின் லேஅவுட்டில் கிணற்றுக்கு எதிரே ஒரு மூலை மனை. இவர் வரைந்த படத்தில் அதற்கு மட்டும் இரண்டு பக்கம் ரோடு. அந்த மனையை எனக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்த விஷயம் என்று நான் வாய்விட்டுச் சொன்னவை குறைவு, இதைச் சொன்னேன். என் பி.எஃப். கடனும் சேமிப்பும் சேர்த்து ஒரு தொகை இருந்தது. அதோடு இந்தக் காசோலையும் சேர்ந்தால் மனை எங்களுக்கு. ஒரு புதன்கிழமை பள்ளி விட்டதும் நானே போய்ப் பார்த்தேன்.

“டீச்சரம்மா, உங்களுக்குன்னே நிறுத்தி வெச்சிகீறேன்,” என்றார் அண்ணன். “தை பொறந்ததும் அட்வான்ஸ் குடுத்துட்டு ரிஜிஸ்டர் பண்ணிக்கோங்க. மத்தவன் கேட்டா வித்துடுச்சுன்னு சொல்லிடறேன்.”

“அடுத்த வாரம் அவரோட வந்து கொடுத்துடறேன் அண்ணா,” என்றேன்.

அதற்கு முந்தின ஞாயிறே பணம் போய்விட்டிருந்தது எனக்குத் தெரியாது.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பை சுற்றி வரும்போது அந்தப் பக்கத்தில் யார் என்ன போட்டார்கள் என்று இந்தப் பக்கம் தெரியாது. ஆனால் விசேஷக் காணிக்கைகளை அடுத்த வாரம் சபைச் செயலர் மேடையேறி வாசிப்பார். பிறந்தநாள், திருமணநாள், சுகமானதற்கு ஸ்தோத்திரம், பெயர், தொகை. நான் மனையைப் பார்த்துவிட்டு வந்த வாரத்து ஞாயிறு, ஷாலினிக்குக் கைக்குட்டையில் எலி செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். “சகோதரர் சாமுவேல் குடும்பத்தார், முதற்பலன்,” என்று வாசித்துவிட்டுச் செயலர் தொகையை வாசித்தார். சரியாகத்தான் வாசித்தோமா என்று அவரே சந்தேகப்பட்டுத் திரும்பவும் வாசித்தார். பெண்கள் பக்கம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்து, “கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாரு கிரேஸ்,” என்றார். நான் தலையாட்டினேன். குடும்பத்தார் என்றால் நானும்தானே.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர், “ஆண்டவருக்குக் கொடுத்தா குறையாது,” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

6

மேற்குத் தாம்பரத்தில் ஓர் ஆடிட்டர். பளிச்சென்று நாமம், திருநீர்மலை பெருமாள் படத்துக்குக் கீழே நாற்காலி. வருடம் முடியும் முன்பே கட்டுகிற முன்வரியின் கடைசித் தவணையை மார்ச் பதினைந்துக்குள் கட்டியாக வேண்டும் என்று யாரோ சொல்லித்தான் போனோம். அவர் கணக்குப் போட்டார். ஆகஸ்ட் வரை வாங்கிய சம்பளம், அதன் மேல் கோதண்டம் அண்ணனின் காசோலை. சாமுவேல் சபை ரசீதை எடுத்து மேசையில் வைத்தார், அதைக் கழித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு.

ஆடிட்டர் ரசீதை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். “ரொம்ப நல்ல காரியம் சார். இதைப் பத்திரமா வெச்சுக்கோங்கோ. மேல போறச்சே காட்டலாம். இங்க ஆயக்கர் பவன்ல, இன்கம்டாக்ஸ் ஆபீஸ்ல, செல்லாது.”

“அது என் கைல இல்லையே சார்?”

“வந்துதோல்லியோ? வந்தா வருமானம். அப்புறம் நீங்க யாருக்குக் கொடுத்தாலும் அது உங்க சௌகரியம்.”

எவ்வளவு என்று நான் கேட்டேன். அவர் சொன்னார். என் சேமிப்பு இருந்த இடத்தைக் குறிவைத்து அடித்த மாதிரி இருந்தது தொகை. வங்கியில் வரிசையில் நின்று சலான் எழுதிக் கட்டினேன். சாமுவேலின் பெயரில், என் பணம்.

தை பிறந்து மாசியும் முடிந்திருந்தது. கோதண்டம் அண்ணன் எவ்வளவோ பொறுத்துப் பார்த்துவிட்டு, மூலை மனையை வண்டலூர் பக்கத்து ஆள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். சொல்லிவிட்டுப் போக வீட்டுக்கே வந்தார்.

“ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னுவாங்க. சார் அளக்காம போட்டுட்டாரே,” என்றார் வருத்தத்தோடு. “தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சரம்மா. எனக்கும் பொண்ணு கல்யாணம் வந்துகினு கீது.”

தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. மூன்று வருடம் கழித்து இங்கே வர விண்ணப்பம் போட்டபோது, ஊரில் எங்களைக் கட்டிவைக்க ஒரு துண்டு நிலமும் இல்லை என்பது வசதியாகத்தான் இருந்தது. அந்த மூன்று வருடமும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது மனை தெரிகிற வலப்பக்க ஜன்னலில் நான் உட்காருவதில்லை. அவர் அதைக் கவனித்தார். மனை போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டார். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

7

செவ்வாயிலிருந்து சனி வரை காசோலை ஃப்ரிட்ஜ் கதவிலேயே இருந்தது. பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது. பேங்க்கில் போடவும் இல்லை, அதைப் பற்றி இவர் பேசவும் இல்லை. சூடு கண்ட பூனை நான், என்னாலும் வாய் திறக்க முடியவில்லை. கேட்டால், “ஆண்டவருக்குக் கொடுத்தா குறையாது” என்பார்.  வீட்டுக் கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். இரண்டு தவணை தவறினால் வங்கிக்காரர்கள் மிக மரியாதையாகக் கடிதம் போடுவார்கள். இந்த நாட்டில் வீட்டை விட்டு வெளியேற்றுவதுகூட மரியாதையாகத்தான் நடக்கும்.

ஷாலினிதான் உடைத்துப் பேசினாள். சனிக்கிழமை காலை, சீரியலில் பால் ஊற்றியபடியே, “டாட், அது இன்னும் உங்க பணமே இல்ல. டாக்ஸ் போக மீதிதான் உங்களுது,” என்றாள்.

“ஆண்டவருக்கு முதல்ல கொடுக்கணும்மா.”

“அடுத்தவங்க பணத்தையா?”

சாமுவேல் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. காசோலையை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். பேங்க்குக்கா, வேறெங்காவதா என்று சொல்லவில்லை. நான் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன் என்று ஷாலினி பிறகு சொன்னாள்.

8

இங்கே எங்கள் ஆராதனை ஞாயிறு மாலையில். உள்ளூர்ச் சபையார் காலையில் முடித்துவிட்டுப் போனபின், நான்கு மணிக்குக் கட்டடத்தை எங்களுக்கு வாடகைக்குத் தருகிறார்கள். ஆண் பக்கம் பெண் பக்கம் எல்லாம் இல்லை, குடும்பமாக உட்காரலாம். வாகன நிறுத்தத்தில் காரை நிறுத்தினார். இறங்கவில்லை. உள்ளே முதல் கீர்த்தனை தொடங்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். ஒட்டப்படாத கவர்.

“நேத்து பேங்க்ல போட்டுட்டேன். இது என்னோட செக். தொகை எழுதல,” என்றார். “கிரேஸ், எவ்வளவு எழுதணும்?”

நான் கண்ணாடி வழியே எதிரே இருந்த குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடத் திருமணத்தில் பணத்தைப் பற்றி அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி.

“பென்சில் இருக்கா?” என்றேன்.

டிராஃப்ட்ஸ்மேனிடம் பென்சில் இல்லாமலா? கவரின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். வந்த தொகை. அதில் இந்த வருடத்து வரிக்கு மூன்றில் ஒரு பங்கு. இரட்டைப் பிள்ளையில் இரண்டாவதற்கு இன்னொரு பங்கு. மீதியில் வீட்டுத் தவணை. அவர் கோடு போட்டார், நான் எண் சொன்னேன். ஓரிடத்தில் நான் கூட்டியது தப்பு என்றார், இல்லை என்றேன், திரும்பக் கூட்டினோம், தப்புத்தான். உள்ளே ஜெபம் முடிந்து வேதபாடம் வாசித்தார்கள். நாங்கள் இன்னும் கழித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நின்றது ஒரு சிறிய தொகை, ஷாலினியின் ஷூ விலையைவிடச் சற்றுக் கூட.

அதைப் பார்த்து அவர் சிரித்தார். “முதற்பலன் இவ்வளவுதானா?”

“அளந்தா இவ்வளவுதான்.”

தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கவரை ஒட்டவில்லை. பிரசங்கம் தொடங்கிவிட்டது, இனி உள்ளே போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். காரிலேயே உட்கார்ந்திருந்தோம். குளிருக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது.

“ஒண்ணு கேக்கணும்,” என்றார். “அன்னைக்குத் தாம்பரத்துல நான் உன்னைக் கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்ப?”

இந்தக் கேள்வியை அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்த்ததில்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது. எத்தனையோ வருடமாகத் தயாராக இருந்தது.

“கொடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“முழுசுமா?”

“முழுசும். மனை வேணாம், வாங்க சேர்ந்து போடலாம்னு சொல்லியிருப்பேன். அந்த ஆறு மாசம் வீட்டை நான் ஓட்டினேன். அந்தச் செக்ல பாதி என்னோட முதற்பலன். அதை என் கையால போட நீங்க விடலைங்க.”

அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று நிறுத்திக்கொண்டேன். பிறகு அழுதும்விட்டேன்.  காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் அவர் காரைவிட்டு இறங்கி, சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். கவரை என் கையில் கொடுத்தார்.

எல்லோரும் திரும்பிப் பார்க்க, முன்னால் நான் போனேன்.